மாலுமிக் காலரும் வெல்வெட் கோட்டும்: 1888-இன் இரண்டு பையன்களுக்குத் தைத்த உடுப்பு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பையனின் உடுப்புக்கும் அமெரிக்கப் பையனின் உடுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பழைய போட்டோக்களைப் பார்த்தவர்கள் தொப்பியையும் காலரையும் காட்டுவார்கள். இரண்டையும் தைத்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். நான் கால்சட்டையைக் காட்டுவேன். அது இடுப்பில் எதைப் பிடித்து நிற்கிறது, காலில் எங்கே எப்படி முடிகிறது, அதைத் தைத்தது யார் கை. இந்த மூன்றும் தெரிந்தால் பையன் அட்லாண்டிக்கின் எந்தக் கரையில் வளர்ந்தவன் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சிறுவர் நாடகக் குழு ஒன்றுக்கு நான் உடை தைத்துத் தருகிறேன். இந்தத் தடவை கதை 1888-இல் நடக்கிறது. லண்டனில் ஒரு பையன். நியூயார்க்கிலிருந்து விருந்துக்கு வருகிற அவனுடைய அத்தை மகன். இருவருக்கும் எட்டு, ஒன்பது வயது. "வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே யார் எந்த ஊர்னு தெரிஞ்சிடணும் அக்கா" என்று இயக்கும் தம்பி சொல்லிவிட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் எளிதாகப் பதில் கிடைக்கிற கேள்வி இல்லை. ஏனென்றால் அந்தக் காலத்து உடுப்புகள் கடல் தாண்டிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன. மாலுமி உடுப்பின் சாயலில் தைக்கிற செய்லர் சூட் இரண்டு பக்கமும் உண்டு. நார்ஃபோக் ஜாக்கெட் இரண்டு பக்கமும் உண்டு. நாலைந்து வயது வரை ஆண் குழந்தைக்குக் கவுன் போட்டு வளர்ப்பதும் இரண்டு பக்கமும் இருந்த வழக்கம். ஒரே உடுப்பை அங்கே எப்படித் தைத்தார்கள், இங்கே எப்படித் தைத்தார்கள் என்று உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்துப் பையனுக்கு மூன்று உடுப்புகள் கைவசம் இருந்தன. ஒன்று ஈட்டன் சூட். இடுப்போடு நின்றுவிடும் கறுப்புக் குட்டைக் கோட்டு, கோட்டுக்கு வெளியே மடிந்து விழும் விறைப்பான அகல வெள்ளைக் காலர், உயரத் தொப்பி. ஈட்டன் பள்ளியில் உயரம் குறைந்த பையன்கள் போட்ட இந்த உடுப்பு, மற்றப் பள்ளிகளுக்கும் தேவாலயப் பாடகர் சிறுவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை உடுப்பாக வீடுகளுக்கும் பரவியது. இரண்டாவது நார்ஃபோக் ஜாக்கெட். பெரியவர்கள் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகும்போது போட்ட, பாக்ஸ் பிளீட்டும் துணி பெல்ட்டும் வைத்த கோட்டின் சின்ன வடிவம். மூன்றாவது செய்லர் சூட். பள்ளி, வேட்டைத் தோட்டம், கடற்படை. மூன்றும் இப்படி ஒவ்வோர் இடத்தைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். பையன் எந்த அமைப்பைச் சேர்ந்தவன், நாளைக்கு எதில் சேரப் போகிறவன் என்பதை உடுப்பு சொல்கிறது. லண்டனின் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளிப் பையன்கள் 16ஆம் நூற்றாண்டுப் பாணியில் நீண்ட நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் போட்டுக்கொண்டு 1880களிலும் தெருவில் நடந்தார்கள் என்றால், அந்த நாட்டில் பள்ளி உடுப்புக்கு எவ்வளவு பிடிமானம் இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பையன் அந்தந்த ஊர்ப் பொதுப் பள்ளிக்கு வீட்டில் போடுகிற உடுப்போடு போனான். சீருடை கேட்க ஆள் இல்லை. அதனால் அவன் உடுப்பைத் தீர்மானித்தவை அம்மாவின் விருப்பமும், மாத இதழில் வந்த படமும், கடையில் கிடைத்த பேப்பர் கட்டிங்கும்தான் (துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான காகித மாதிரி). இங்கிலாந்தில் காணாத ஆடம்பரமும் இங்கிலாந்தில் காணாத சௌகரியமும் அங்கே ஒன்றாக வளர்ந்தது இதனால்தான் என்பது என் எண்ணம். நான் தைத்த இரண்டு உடுப்பிலும் அதைக் கையால் தொட்டுப் பார்த்தேன்.

முடிவாக, லண்டன் பையனுக்குச் செய்லர் சூட், தேவாலயக் காட்சிக்கு மட்டும் ஒரு ஈட்டன் காலர். நியூயார்க் பையனுக்கு வந்து இறங்கும் காட்சியில் வெல்வெட் உடுப்பு, அப்புறம் விளையாடும் காட்சிக்கு ஒரு சாதா முழங்கால் பேன்ட்.

செய்லர் சூட்

இதன் தொடக்கத்தைத் தேதியோடு சொல்லலாம். 1846 செப்டம்பரில் விக்டோரியா ராணியின் குடும்பம் அரசக் கப்பலில் பயணம் போனபோது, ஐந்து வயது நிரம்பாத இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டுக்குக் கப்பல் மாலுமிகளின் உடுப்பைச் சின்ன அளவில் தைத்துப் போட்டார்கள். வெள்ளைச் சட்டை, நீலக் காலர், கறுப்புக் கழுத்துத் துணி, கால் நுனி அகன்ற வெள்ளை நீளக் கால்சட்டை. ஓவியர் வின்டர்ஹால்டர் அதைப் படமாக வரைந்தார். அந்தக் குட்டி உடுப்பு இன்றும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது, அது மாறுவேடத் துணிபோல இல்லாமல் உண்மையான மாலுமி உடுப்பின் வெட்டிலேயே இருப்பது. பிறகு 1870, 80களில் இது வசதியான வீட்டுப் பையன்கள் எல்லாருக்கும் வந்தபோது நீளக் கால்சட்டைக்குப் பதில் முழங்காலோடு நிற்கும் நிக்கர்பாக்கரும் சேர்ந்துகொண்டது. நான் தைத்தது இந்தப் பிற்கால வடிவம்.

துணி கருநீல செர்ஜ். சாய்வரி நெசவுக் கம்பளித் துணி. முழுக் கம்பளி செர்ஜ் எட்டு வயதுப் பையனுக்கு மேடை விளக்கின் கீழே தாங்காது. அதனால் சாய்வரி தெளிவாகத் தெரிகிற கம்பளிக் கலப்பு சூட்டிங் துணியாகப் பார்த்து எடுத்தேன். நிறத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சந்தையில் கிடைக்கிற நேவி புளூவில் பாதி ஊதாவுக்குச் சாய்ந்திருக்கும். அன்றைய பிரிட்டிஷ் கடற்படைத் துணி அவுரியில் தோய்த்தது. அதன் நீலம் கறுப்புக்கு நெருக்கமானது. அந்த அவுரிச் சாயம் ஏற்றுமதியான இடங்களில் நம் தென்னாற்காடும் கடப்பையும் உண்டு. கடைக்காரர் பொறுமையாக ஒவ்வொரு துணிச் சுருளாக வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் காட்டினார். குழல்விளக்கில் பார்த்து நீலம் எடுக்கவே கூடாது.

சட்டை வெட்டு எளிது. மார்பு 26 இஞ்ச் பையனுக்குத் தைத்த அளவு 32 இஞ்ச் வரும்படி தாராளமாக விட்டேன். தோளில் ஷேப் இல்லை, இடுப்பில் ஷேப் இல்லை. கழுத்து முன்பக்கம் ஆழமாக 'வி' வடிவில் இறங்கும். அந்த இடைவெளியை மறைக்க உள்ளே தனியாக ஒரு சின்ன நெஞ்சுத் துணி, கழுத்தின் பின்னால் நாடா வைத்துக் கட்டுவது. காலர் பின்னால் சதுரம்: 11½ இஞ்ச் அகலம், 7 இஞ்ச் ஆழம். முன்பக்கம் குறுகிக்கொண்டே வந்து 'வி'யின் நுனியில் சேரும். காலரைச் சட்டையோடு தைக்காமல் கழற்றி மாட்டும்படி வைத்தேன். கம்பளிச் சட்டையை அடிக்கடி துவைக்க முடியாது, காலரைத் துவைக்கலாம். வெயில் காலத்துக்கு அன்றைய இங்கிலாந்துத் தாய்மார் கேலட்டியா என்ற கெட்டிப் பருத்தித் துணியிலேயே முழு செய்லர் சூட்டையும் தைத்தார்கள். அதை மொத்தமாகத் துவைத்துப் போடலாம்.

காலரைச் சுற்றி மூன்று வரிசை வெள்ளை நாடா வரும். பிரிட்டிஷ் கடற்படை 1857-இல் சாதாரண மாலுமிகளுக்கு முதல்முறையாகச் சீருடை வகுத்தபோது அமைந்தது இது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகளைக் குறிக்கிறது என்ற கதை எங்கும் சுற்றுகிறது, ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் கடற்படைக் காலரில் நாடாவோடு மூலைக்கொரு நட்சத்திரமும் உண்டு. இரண்டு கரைகளுக்கும் இடையே மேடையிலேயே தெரியக்கூடிய அடையாளம் இது. யாராவது செய்லர் சூட்டை இங்கிலாந்துப் பையனுக்கு என்று சொல்லித் தைக்கும்போது அழகுக்காக மூலையில் நட்சத்திரம் வைத்தால், அவனை அப்போதே கப்பல் ஏற்றி நியூயார்க்குக்கு அனுப்பியதாகிவிடும்.

நாடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காலரின் லட்சணமே அதில்தான் இருக்கிறது. கால் இஞ்ச் பருத்தி நாடா. தைக்கும் முன்பே வெந்நீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்து இஸ்திரி போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் துவையலில் நாடா சுருங்கிக் காலர் முழுக்கச் சுருக்கம் விழும். நீலத் துணியையும் தண்ணீர் தெளியும்வரை அலசிவிட வேண்டும். முதல் நாடா காலர் ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே. நாடாவுக்கும் நாடாவுக்கும் இடையே அரைக்கால் இஞ்ச். அளவு மாறாமலிருக்க ஒரு கெட்டி அட்டையை அந்த அகலத்துக்கு வெட்டி வைத்து, அதை நகர்த்தி நகர்த்திச் சாக்பீஸால் கோடு போட்டேன். நாடாவின் வெளி ஓரத்தை முதலில் தைத்துக்கொண்டு மூலை வரை வந்து, ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்த வேண்டும். நாடாவை வந்த வழியே திருப்பி மடித்து, அப்புறம் அடுத்த பக்கத்துக்கு வளைத்தால் மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அதை நகத்தால் அழுத்தி, இஸ்திரிப் பெட்டியின் நுனியை வைத்து எடுத்துவிட்டு மேலே தைத்துப் போக வேண்டும். வெளி ஓரம் முழுக்க முடிந்த பிறகே உள் ஓரம். உள் ஓரத்தையும் தொடங்கிய முனையிலிருந்து அதே திசையில்தான் ஓட்ட வேண்டும். எதிர்த்திசையில் ஓட்டினால் நாடா முறுக்கிக்கொண்டு அலையலையாக நிற்கும். கடைசியில் அந்தச் சாய்வு மடிப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் கையால் இரண்டு எம்மிங் போட்டு மூடினேன். மூன்று நாடாவின் மூலை மடிப்புகளும் ஒரே சாய்கோட்டில் வந்து நிற்கும்போது பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

சட்டையின் அடியில் குழாய்போல் மடித்து எலாஸ்டிக் கோத்தேன். மாட்டியதும் துணி இடுப்பைச் சுற்றி உப்பி விழும். 1888-இல் எலாஸ்டிக் ஏது என்று குழுவில் ஒருவர் கேட்டார். ரப்பரைக் கந்தகத்தோடு பதப்படுத்தும் முறைக்கு 1840களிலேயே அமெரிக்காவில் சார்லஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் காப்புரிமை வாங்கியாகிவிட்டது. 1888-இல் எலாஸ்டிக் கயிறு சாதாரணப் பொருள்.

நிக்கர்பாக்கர் இடுப்பில் நிற்க, உள்ளே கையில்லாத ஒரு லைனிங் பனியன்போலத் தைத்து அதில் பட்டன் வைத்தேன். மேலே உப்பிய சட்டை அதை மறைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மாலுமி. உள்ளே குழந்தைக்கான ஏற்பாடு.

ஈட்டன் காலரும் கஞ்சியும்

ஈட்டன் காலருக்கு மூன்று அடுக்குப் பருத்தித் துணி. தைப்பது சட்டென்று முடிந்தது. விறைப்பு ஏற்றுவதுதான் வேலை. புடவைக்குப் போடுகிற ஜவ்வரிசிக் கஞ்சி மட்டும் போட்டால் காலர் நிற்கும், ஆனால் கழுத்து வியர்த்ததும் தொய்ந்துவிடும். அன்றைய ஆங்கிலச் சலவைக்காரர்கள் இரண்டு கஞ்சி போட்டார்கள். நான் பின்பற்றியதும் அதைத்தான். முதலில் காய்ச்சிய கஞ்சியைச் சூட்டோடு துணிக்குள் இறங்கும்படி தேய்த்துக் காயவைக்க வேண்டும். பிறகு சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, காய்ச்சாமல், அதில் முக்கி எடுத்து, துணியில் சுருட்டி வைத்து, ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் இஸ்திரி போட வேண்டும். பச்சை மாவு நூலுக்கு இடையில் புகுந்து, இஸ்திரிச் சூட்டில் அங்கேயே வெந்து இறுகுகிறது. சூடு ஆறுவதற்குள் ஒரு கண்ணாடி பாட்டிலின் மேல் வளைத்துப் பிடித்தால் கழுத்து வளைவும் அமைந்துவிடும். தட்டினால் அட்டைச் சத்தம் கேட்கும். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தான் என்பதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்கர்கள் இதே காலர் பிரச்சினையை வேறு விதமாகப் பார்த்தார்கள். சட்டையிலிருந்து கழற்றித் துவைக்கிற காலர் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரத்தில் 1820களில் தொடங்கி, ஊருக்குக் 'காலர் நகரம்' என்றே பேர் வாங்கித் தந்தது. பின்னர் செல்லுலாய்டு காலரும் வந்தது. ஈரத் துணியால் துடைத்தால் போதும், கஞ்சியும் இல்லை, இஸ்திரியும் இல்லை.

வெல்வெட் உடுப்பு

இனி நியூயார்க் பையன். 1885 நவம்பர் முதல் அடுத்த ஆண்டு அக்டோபர் வரை 'செயின்ட் நிக்கோலஸ்' என்ற அமெரிக்கச் சிறுவர் இதழில், ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதிய 'லிட்டில் லார்ட் ஃபான்டில்ராய்' தொடராக வந்தது. நியூயார்க்கில் வளர்ந்த பையன் ஒருவன் இங்கிலாந்துப் பிரபுவின் வாரிசு என்று தெரியவரும் கதை. ரெஜினால்ட் பர்ச் அதற்குப் படம் வரைந்தார். கறுப்பு வெல்வெட் குட்டைக் கோட்டு, முழங்கால் பேன்ட், தோளை மூடுகிற லேஸ் காலர், நீளச் சுருள் முடி. கதையை விட அந்தப் படம் வேகமாகப் பரவியது. வெல்வெட்டும் லேஸும் அதற்கு முன்பே பையன்களுக்குப் போடப்பட்டவைதான், ஆனாலும் இந்தப் படத்துக்குப் பிறகு ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் இதற்குள் புகுந்தாக வேண்டியிருந்தது. கதையை எழுதியவர் மான்செஸ்டரில் பிறந்து பதின்பருவத்தில் டென்னசிக்குக் குடிபோனவர், படம் வரைந்தவர் லண்டனில் பிறந்தவர். இருந்தும் அந்த உடுப்பை இங்கிலாந்தைவிட அமெரிக்காதான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. இங்கிலாந்துப் பையன் பள்ளிக்குப் போகிற வயது வந்ததும் பள்ளியின் உடுப்புக்கு மாறியாக வேண்டும். அமெரிக்க அம்மாவுக்கு அப்படித் தடுக்கிற ஆள் யாரும் இல்லை.

துணிக்குத்தான் அதிகம் அலைந்தேன். கடைகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் வெல்வெட். விளக்கு பட்டதும் பளபளக்கும். அன்று பையன்களுக்குப் பெரும்பாலும் தைத்தது வெல்வெட்டீன் என்ற பருத்தி வகை. அது வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். சோபா, திரைச்சீலைத் துணி விற்கிற கடை ஒன்றில் ஒரு துண்டு கிடைத்தது. வெல்வெட்டீனைக் கையால் தடவினால் ஒரு திசையில் வழுவழுவென்று போகும், எதிர்த்திசையில் சொரசொரக்கும். சொரசொரப்பு மேலிருந்து கீழே வரும்படி, அதாவது ரோமம் மேல்நோக்கி நிற்கும்படி வெட்டினால் நிறம் ஆழமாகத் தெரியும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒரு கை மட்டும் தலைகீழாக வெட்டுப்பட்டால் அது வேறு நிறத் துணிபோலக் காட்டிக்கொடுக்கும். இதனால் துணி கால் பங்கு கூடுதலாகவே செலவாகும்.

தைக்கும்போது இரண்டு வெல்வெட் முகங்களும் ஒன்றையொன்று தள்ளும். மேல்துணி நகர்ந்து நகர்ந்து முடிவில் அரை இஞ்ச் மிஞ்சி நிற்கும். அதனால் மெஷினுக்குப் போகும் முன் ஒவ்வொரு ஜாயின்டுக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை ஓட்டுத் தையல் கையால் போட்டேன். குண்டூசியை வெட்டு ஓரத்துக்குள் மட்டுமே குத்த வேண்டும், வெளியே குத்தினால் தழும்பு நிற்கும். மெஷினில் பிரஷரைத் தளர்த்தி, தையலை நீளமாக வைத்து, ரோமத்தின் திசையிலேயே ஓட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கவே கூடாது. மிஞ்சிய வெல்வெட் துண்டைப் பலகையில் ரோமம் மேலே தெரியும்படி விரித்து, கோட்டை அதன்மேல் முகம் கவிழ்த்து, பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்து நீராவி மட்டும் விட்டு, ஜாயின்டை விரலால் பிரித்துவிட்டேன்.

உள்ளே போடுகிற வெள்ளைச் சட்டைக்கு மெல்லிய மல் துணி. தோள் வரை வருகிற காலருக்கும் மணிக்கட்டில் வெளியே மடிகிற கஃபுக்கும் ஹக்கோபா. அன்று சுவிட்சர்லாந்திலும் மடீராவிலும் செய்த துளை வேலைப்பாட்டுத் துணிக்கு நம் கடைகளில் இதைவிட நெருக்கமாக ஒன்றும் கிடைக்காது. கோட்டைக் கழுத்தருகே ஒரு பட்டனோடு விட்டுவிட்டேன். கீழே திறந்து, சட்டையின் சுருக்கங்கள் வெளியே வழிய வேண்டும் என்பதுதான் அந்த உடுப்பின் தோற்றம். இடுப்பில் சுற்றிக் கட்ட சிவப்புப் பட்டு சாஷ்.

அமெரிக்க உடுப்பின் அறிவு அந்தச் சட்டையின் இடுப்பில் இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு இடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. பெல்ட் போட்டால் நழுவும், தோள் பட்டை போட்டால் விளையாட்டில் இறங்கிவிடும். பட்டன் வைத்த உள் பனியன் இரண்டு நாட்டிலும் இருந்தது, நான் லண்டன் பையனுக்கும் அதைத்தான் வைத்தேன். அமெரிக்காவில் தனி பனியன் வேண்டாம் என்று போடுகிற சட்டையையே அதற்குத் தயார் செய்துவிட்டார்கள். சட்டையின் இடுப்பில் சுற்றிலும் கெட்டி நாடா, நாடாவில் பட்டன்கள். கால்சட்டையின் உள்பட்டியில் அதற்கு நேராகக் காஜா. சட்டையே கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கும். பட்டனை மல் துணியில் நேராகத் தைத்தால் பையன் ஒருமுறை குனிந்து நிமிர்ந்ததும் துணி கிழியும். அதனால் முக்கால் இஞ்ச் நாடாவை இரண்டாக மடித்து உள்பக்கம் தைத்து, பட்டனின் நூல் அந்த நாடா வழியாகவும் போகும்படி செய்தேன்.

காஜாவை மெஷினில் எடுக்காமல் கையால் எடுக்கலாம் என்று, எங்கள் தெருவில் நாற்பது வருடமாகக் கோட்டு தைக்கிற மாஸ்டரிடம் கொண்டுபோனேன். கால்சட்டைப் பட்டியில் வழக்கம்போலக் காஜாவைப் படுக்கையாகக் குறித்திருந்தது. அவர் சட்டையையும் கால்சட்டையையும் பட்டனுக்குப் பட்டன் சேர்த்துப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "இழுப்பு கீழ்நோக்கிப் போகுதும்மா. காஜாவையும் செங்குத்தா எடுங்க. படுக்கையா எடுத்தா வாய் பிளந்து பட்டன் கழண்டுக்கும்" என்றார். பட்டன் செங்குத்துக் காஜாவின் மேல்முனையில் போய் உட்கார்ந்துவிடுகிறது, வாய் திறக்க இடமில்லை. அவரே மெழுகு தேய்த்த நூலில் முதல் காஜாவை எடுத்துக் காட்டினார். மற்றதை அந்த அளவுக்கே நான் எடுத்தேன்.

பேப்பர் கட்டிங், மெஷின், லட்லோ தெரு

இதையெல்லாம் ஓர் அமெரிக்க அம்மா வீட்டிலேயே தைத்தாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாசசூசெட்ஸின் ஸ்டெர்லிங் ஊர்த் தையல்காரர் எபனேசர் பட்டரிக் 1863-இல் அளவு வாரியாகப் பேப்பர் கட்டிங் விற்கத் தொடங்கினார். அவர் முதலில் விற்றவை ஆண்கள், பையன்கள் உடுப்புகளுக்கானவை. அதில் இத்தாலியத் தலைவர் கரிபால்டியின் வீரர்கள் போட்ட பாணியில் வந்த பையன் உடுப்பு பெரிய அளவில் விலைபோனது. அதற்கு முன்பு இதழ்களில் வந்த கட்டிங் ஒரே அளவில் இருக்கும், பெரிதாக்குவதும் சின்னதாக்குவதும் அவரவர் சாமர்த்தியம். வளர்கிற பிள்ளைக்கு அளவு வாரியாகக் கட்டிங் கிடைத்தது எத்தனை பெரிய உதவி என்பது பிள்ளைகளுக்குத் தைப்பவர்களுக்குத் தெரியும். தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோ வாங்கிய காப்புரிமை 1846, சிங்கருடையது 1851. கட்டிங்கும் மெஷினும் வீட்டுக்குள் வந்துவிட்டால் படத்தில் பார்த்ததை அம்மாவே தைத்துவிடுவாள். வெல்வெட் உடுப்பு அவ்வளவு வேகமாகப் பரவ இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் ரெடிமேட். விளையாட்டுக் காட்சிக்காகத் தைத்த சாதா முழங்கால் பேன்ட் அந்த வகை. சாம்பல் நிறக் கெட்டித் துணி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நேராக முடியும், வெளித்தையலோரம் அலங்காரத்துக்கு மூன்று பட்டன். இரண்டு பாக்கெட், உள்பட்டி, காஜா, லைனிங் என்று பார்த்தால் சின்னத் துணியானாலும் வேலை பெரிய பேன்ட்டுக்குக் குறைந்ததில்லை. நியூயார்க்கின் லட்லோ தெருவில், நெரிசலான ஒரு குடியிருப்பு அறையில் குடியேறிகள் இந்த முழங்கால் பேன்ட்டுகளைத் தைத்துக்கொண்டிருப்பதை பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ் 1890 வாக்கில் படம் எடுத்தார். துணிக் குவியலுக்கு நடுவே ஆட்கள், ஒரு சிறுவனும் வேலையில். படத்தின் தலைப்பில் விலையும் இருக்கிறது: டஜன் 45 சென்ட். ஒரே ஒரு பேன்ட்டை முடித்துத் தோள்பட்டை வலியோடு அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். டஜன் என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. லண்டன் கிழக்குப் பகுதியிலும் இதே கதைதான். 1888-இல் பிரபுக்கள் சபையே குழு போட்டு அந்தத் தையல் கூடங்களை விசாரித்தது. இரண்டு நாட்டுப் பையன்களின் உடுப்பு எதில் வேறுபட்டாலும் இதில் வேறுபடவில்லை.

சரி, முழங்காலுக்கு வருகிறேன். லண்டன் பையனின் நிக்கர்பாக்கரைக் கீழே சுருக்கி, ஒரு பட்டியில் சேர்த்து, பக்கிளால் இறுக்கினேன். நியூயார்க் பையனின் இரண்டு கால்சட்டையும் சுருக்கம் இல்லாமல் காலை ஒட்டி நேராக இறங்கும். இருவருக்குமே 1888-இல் கறுப்பு நீளக் காலுறை. இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. இங்கிலாந்தில் பட்டியை எடுத்துவிட்டு அரைக்கால் சட்டையைத் திறந்தபடி விட்டு, காலுறையையும் மடித்துவிட்டு, 20ஆம் நூற்றாண்டில் வெறும் முழங்காலோடு பள்ளிக்குப் போனார்கள். அமெரிக்காவில் அதற்கு நேர்மாறாக, நேராக இருந்த பேன்ட் உப்பிப்போய் முழங்காலுக்குக் கீழே பட்டிபோட்டு நின்றது. ஆளுக்கொன்று விட்டதை மற்றவர் எடுத்துக்கொண்டதுபோல. இந்த நாடகத்தை 1912-க்கு மாற்றியிருந்தால் முழங்காலை மட்டும் காட்டியே ஊரைச் சொல்லியிருக்கலாம், 1888-இல் சொல்லக் காலரும் இடுப்பும் சேர வேண்டியிருக்கிறது.

போட்டுப் பார்த்த அன்று இருவரையும் கையைத் தூக்கி, குனிந்து, ஓடிவரச் சொன்னேன். மாலுமிச் சட்டை ஏறி இறங்கி எலாஸ்டிக்கில் தன் இடத்துக்கே வந்தது. வெல்வெட் பையனின் காலர் காதை மறைத்து நின்றது. அதற்காக ஹக்கோபாவின் உள்பக்கம் தோளருகே ஒரு சின்ன ஊக்கு வைத்துக் கோட்டோடு பிடித்தேன். ஆனால் இடுப்பில் ஒரு பட்டன்கூட அசையவில்லை, சட்டையும் வெளியே வரவில்லை. இயக்கும் தம்பிக்கு வெல்வெட் பையனைப் பார்த்ததும் திருப்தி. எனக்கு அந்தச் சாம்பல் நிற முழங்கால் பேன்ட்தான் அதிகம் பிடித்தது. பையன் அதைப் போட்டுக்கொண்டு கழற்றவே மாட்டேன் என்றான்.

இதையே தைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வெல்வெட்டை மடித்து வைக்காதீர்கள், மடிப்புக் கோடு போகவே போகாது. பஞ்சு சுற்றிய ஹேங்கரில் தொங்கவிட்டு, மேலே பழைய பருத்தித் துணி போட்டு மூடுங்கள். மாலுமிக் காலரைத் துவைக்கும்போது நீலமும் வெள்ளையும் ஒட்டாமல் விரித்தபடியே காயவைத்து, நாடாவின் மேல் துணி போட்டு உள்பக்கமிருந்து இஸ்திரி போடுங்கள். அடுத்த நாடகத்துக்கு நார்ஃபோக் ஜாக்கெட் கேட்டிருக்கிறார்கள். அதில் பாக்ஸ் பிளீட்டின் அடியில் பெல்ட்டைத் தையலுக்குள் கொடுப்பதா, மேலே தனியாக விடுவதா என்று மாஸ்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.